பெருக்கலாமா, கூடாதா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு தாய்: இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து நடக்கும் வாய்ப்பைக் கண்டுபிடிக்க ஏன் பெருக்க வேண்டும் என்கிறான் பையன். கூட்டினால் என்ன?

ஒரு காசையும் பகடையையும் கையில் கொடுத்து, விழக்கூடிய ஜோடிகளை எழுதச் சொல்லுங்கள். தலை-1, தலை-2 என்று ஆரம்பித்துப் பூ-6 வரை 12 வரும். தலையும் ஆறும் சேர்ந்திருப்பது ஒரே ஒரு ஜோடி. ஆக 1/12, அதாவது 1/2 × 1/6. கூட்டினால் 2/3 வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவது, வெறும் தலை விழுவதைவிடச் சுலபமாக இருக்க முடியுமா? அவனே சொல்லிவிடுவான்.

மாட்டுங்காவிலிருந்து: ஐந்து முறை தொடர்ந்து தலை. அடுத்தது பூவாக வாய்ப்பு அதிகம்தானே?

இல்லை. பாதிக்குப் பாதிதான்.

தாராவி பட்டறையிலிருந்து: நாலு தையல் மெஷின். ஒவ்வொன்றும் ஒரு நாளில் பழுதாக 5 சதவீத வாய்ப்பு. ஒன்றாவது நிற்க 20 சதவீதமா?

கிட்டத்தட்ட 18.5. முதலில் நாலுமே ஓடும் வாய்ப்பைப் பாருங்கள்: 0.95-ஐ நாலு முறை பெருக்கினால் 0.8145. அதை 1-லிருந்து கழியுங்கள். உங்கள் முறையில் 25 மெஷினுக்கு 125 சதவீதம் வரும். உண்மையில் அது 72 சதவீதம்தான். ஆனால் கரண்ட் போனால் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். அதற்கு இந்தக் கணக்கு உதவாது.

முலுண்டிலிருந்து: தாதரில் வண்டி மாறி அந்தேரி போகிறேன். இரண்டு வண்டியும் தனித்தனியே பத்தில் ஒரு நாள் லேட். இரண்டும் ஒரே நாளில் லேட்டாவது நூறில் ஒன்றுதானே? மழைக்காலத்தில் அப்படி இல்லையே?

நல்ல கேள்வி. சார்பிலா நிகழ்ச்சிகளுக்கு, அதாவது ஒன்று நடப்பது மற்றொன்றின் வாய்ப்பை மாற்றாதவற்றுக்கு, மட்டுமே நேராகப் பெருக்கலாம். இங்கே மழை என்ற ஒரே காரணம் இரண்டு தடத்தையும் பிடிக்கிறது. 2005 ஜூலை 26-ல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியபோது எந்தத் தடம் தப்பியது?

இந்தத் தவறு ஒரு தாயைச் சிறையில் வைக்கத் துணைபோயிருக்கிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க்கின் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. அவரே கொன்றார் என்று வழக்கு. அவருடையது போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543-ல் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, அதை அதனாலேயே பெருக்கி, ஏறக்குறைய 7.3 கோடியில் ஒன்று என்றார் சாட்சி சொன்ன மருத்துவர். ஒரே வீடு, ஒரே பெற்றோரின் மரபணு. அவை எப்படிச் சார்பிலா நிகழ்ச்சிகளாகும்? 1999-ல் தண்டனை. அந்தப் பெருக்கலுக்கு ஆதாரமில்லை என்று ராயல் புள்ளியியல் சங்கம் 2001-ல் வெளிப்படையாகச் சொன்னது. சாலி விடுதலையானது 2003-ல். எத்தனை முறை படித்தாலும் மனசு ஆறுவதில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். மழைக்காலம் முழுக்க டைரியில் குறித்து வாருங்கள். முதல் வண்டி லேட்டான நாட்களை மட்டும் எடுத்து, அவற்றில் எத்தனை நாள் இரண்டாவதும் லேட் என்று எண்ணுங்கள். பாதி என்றால், அந்தக் காலத்தில் முதல் வண்டி லேட்டாகும் விகிதத்தை அந்தப் பாதியால் பெருக்க வேண்டும். அது பத்தில் ஒன்றாகவே இருந்தாலும் விடை இருபதில் ஒன்று.