கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் – கெய்கோ ஹிகாஷினோ நாவல்கள்: கேள்வி பதில்

பெங்களூரில் வாழும் தமிழ் வாசகர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, படித்த நூல்களைப் பற்றிப் பேசிவருகிறோம். இம்முறை ஜப்பானிய மர்ம நாவலாசிரியர் கெய்கோ ஹிகாஷினோவை எடுத்துக்கொண்டோம். அவருடைய நாவல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் விடாமல் படிப்பவன் என்ற ஒரே தகுதியைக் கருதி, பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நேரமின்மையால் அன்று விடுபட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். எந்தக் கதையின் முடிவையும் போட்டு உடைக்கவில்லை.

அல்சூரிலிருந்து ஒரு வாசகி: 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலைப் படிக்கத் தொடங்கினேன். கொலை செய்தவர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பிறகு எதற்காக முந்நூறு பக்கங்களைப் படிக்க வேண்டும்?

உங்கள் ஐயம் நியாயமானதுதான், அம்மா. நம்மில் பலர் 'யார் செய்தது' என்ற ஒரே கேள்வியோடு மர்மக் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள். ஹிகாஷினோ அந்தக் கேள்வியை முதல் அத்தியாயத்திலேயே தீர்த்துவிட்டு, வேறு கேள்விக்கு இடம் தருகிறார். மதிய உணவுப் பொட்டலம் விற்கும் கடையில் வேலை செய்யும் யசுகோ, தன்னைத் துரத்தி வந்து தொல்லை தரும் முன்னாள் கணவனைக் கொல்ல நேர்கிறது. பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி, யாரும் கேட்காமலே அவளுக்கு உதவ முன்வருகிறார். இவ்வளவும் நமக்குத் தெரியும். காவல்துறையினர் அவளை நெருங்க நெருங்க, அவள் சொல்லும் பதில்கள் எப்படிப் பிசகாமல் நிற்கின்றன என்பதுதான் நமக்குத் தெரியாது. எல்லாம் தெரியும் என்ற இறுமாப்பில் இருக்கும் வாசகர்தான் கடைசியில் ஏமாறுகிறார்.

இந்த நாவலில் இஷிகாமி தம் தேர்வுத் தாள்களைப் பற்றி ஒரு பேச்சு எடுப்பார். பார்வைக்கு வடிவியல் கணக்குப்போல் இருக்கும். உண்மையில் அது கணிதத்தின் வேறொரு பகுதியைச் சேர்ந்த கணக்காக இருக்கும். அவருடைய பழைய கல்லூரி நண்பரும் இயற்பியலாளருமான யுகாவா அவரை எதிர்கொள்ளும்போது இன்னொரு கேள்வி எழுகிறது: தானே ஒரு விடையைக் காண்பது கடினமா, பிறர் கண்ட விடை சரிதானா என்று சோதிப்பது கடினமா? நாவலை முடித்த பிறகு இந்த இரண்டு இடங்களையும் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆசிரியர் தம் சூத்திரத்தை நம் கையிலேயே கொடுத்திருக்கிறார்.

ஜலஹள்ளியிலிருந்து ஒரு வாசகர்: அப்படியானால் அது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா? தடயங்களை எல்லாம் முன்வைப்பதுதானே துப்பறியும் கதையின் அறம்?

இந்தச் சண்டையை ஜப்பானியர்களே போட்டுவிட்டார்கள், ஐயா. 2005-இல் வெளிவந்த அந்த நாவல், ஜப்பானின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான நவோகி பரிசையும், துப்பறியும் கதையின் மரபான இலக்கணத்துக்கு உட்பட்ட நூல்களுக்கு அளிக்கப்படும் ஹொன்காகு பரிசையும் பெற்றது. இரண்டாவது பரிசுக்கு அது தகுதியானதுதானா என்று அங்குள்ள எழுத்தாளர்களும் திறனாய்வாளர்களும் காரசாரமாக விவாதித்தார்கள். என் கருத்தில், அவர் எதையும் ஒளிக்கவில்லை. நாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும்படி செய்தார், அவ்வளவே. முதல் அத்தியாயத்தை இரண்டாம் முறை நிதானமாகப் படித்தால் நான் சொல்வது விளங்கும்.

இந்திராநகரிலிருந்து ஒரு வாசகர்: அவருடைய நாவல்களில் எது மிகச் சிறந்தது?

பெரும்பாலானோர் சஸ்பெக்ட் எக்ஸ் என்பார்கள். நான் 1996-இல் வெளிவந்த 'மாலிஸ்' என்பேன். புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் தம் வீட்டில் கொல்லப்படுகிறார். கொலையாளி நாவலின் பாதிக்கு முன்பே பிடிபட்டு, குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் காரணத்தைச் சொல்ல மறுக்கிறார். துப்பறிவாளர் காகாவின் குறிப்புகளும் இன்னொருவர் எழுதிவைத்த பதிவுகளும் மாறி மாறி வருகின்றன. எழுதப்பட்ட ஒன்றை நாம் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம் என்பதை இந்த நாவலைப்போல் வேறெதுவும் எனக்கு உணர்த்தவில்லை. காகா முன்னாளில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்ற செய்தியும் இதில் வீணாக வரவில்லை.

மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகர்: சுஜாதாவை நினைவூட்டுகிறார் என்று என் மகன் சொல்கிறான். ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், அதுவும் பெங்களூரில் இருந்துகொண்டு ஒப்பிடாமல் இருக்க முடியாது. சுஜாதா இதே ஊரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே எழுதியவர். ஹிகாஷினோவும் மின்பொறியியல் படித்து, வாகன உதிரிபாகங்கள் செய்யும் நிப்பான் டென்சோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1985-இல் மர்ம நாவலுக்கான எடொகாவா ரம்போ பரிசு கிடைத்ததும், அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு டோக்கியோவுக்குப் போய் முழுநேர எழுத்தாளரானார். ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் கண்ணோடே மனிதர்களையும் பார்ப்பது இருவருக்கும் பொதுவான குணம். அதற்கு மேல் வழிகள் பிரிந்துவிடுகின்றன. கணேஷும் வசந்தும் பேசும் பேச்சுக்காகவே நாம் பக்கங்களைப் புரட்டுவோம். யுகாவாவின் பேச்சில் அந்தக் குறும்பு கிடையாது. சுஜாதாவின் ஒரு வாக்கியம் செய்யும் வேலையைச் செய்ய ஹிகாஷினோவுக்கு ஒரு காட்சி தேவைப்படுகிறது. அந்தக் காட்சியோ நெடுநாள் மனத்தில் தங்குகிறது.

ஒய்ட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகி: அவர் படைக்கும் பெண்கள் ஒன்று துயரப்படுகிறார்கள், அல்லது அழகும் ஆபத்தும் கலந்த புதிராக நிற்கிறார்கள். உங்களுக்கு உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. இது நான் மறுக்க விரும்பாத குறை. யசுகோவுக்காக ஓர் ஆண் எல்லாவற்றையும் திட்டமிடுகிறார். அவளுக்கு என்ன வேண்டும் என்று கதை கேட்பது மிகத் தாமதமாகத்தான். கணவனின் காப்பியில் நஞ்சு கலந்திருக்க, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹொக்கைடோவில் மனைவி இருந்தாள் என்று தொடங்கும் 'சால்வேஷன் ஆஃப் எ செயின்ட்' நாவலில் அந்த மனைவியின் உறுதி வியக்க வைக்கிறது. ஆயினும் அவளைப் பெரும்பாலும் அவள்மேல் மயங்கிய ஒரு துப்பறிவாளரின் கண்வழியேதான் பார்க்கிறோம். விதிவிலக்காக 'நியூகமர்' நாவலைச் சொல்வேன். டோக்கியோவின் பழைய கடைத்தெருவான நிங்யோச்சோவில் காகா ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குகிறார். கொல்லப்பட்ட பெண்மணி எப்படிப்பட்டவர் என்பது அரிசி முறுக்குக் கடையிலும் பிற கடைகளிலும் கிடைக்கும் சின்னச் சின்னச் செய்திகளால் உருப்பெறுகிறது. கொலையைவிட அந்தத் தெருவே என் நினைவில் நிற்கிறது. நம் சிக்பேட்டைச் சந்துகளில் நடக்கும்போதெல்லாம் அந்த நாவல் ஞாபகத்துக்கு வரும்.

பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு வாசகர்: 'ஜர்னி அண்டர் தி மிட்நைட் சன்' நாவலை இருநூறு பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். தொடரலாமா?

கட்டாயம் தொடருங்கள், ஆனால் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். 1973-இல் ஓசாகாவில் பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தில் அடகுக் கடைக்காரர் ஒருவர் கொல்லப்படுவதில் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கதை நகர்கிறது. ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். அவர்கள் மனத்துக்குள் ஆசிரியர் ஒருமுறைகூட நம்மை அனுமதிப்பதில்லை. பிறர் பார்த்ததும் கேட்டதும் மட்டுமே நமக்குக் கிடைக்கும். ஒரு செய்தி தெரிந்தால் படிக்க எளிதாகும்: அக்காலத்து ஜப்பானியச் சட்டப்படி, கொலை நடந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டால் வழக்குத் தொடர முடியாது. கொலைக்கான கால வரம்பு 2010-இல்தான் முழுவதுமாக நீக்கப்பட்டது. ஆகவே முதிய துப்பறிவாளர் சசகாகி, சட்டம் கைவிட்ட பிறகும் தேடிக்கொண்டிருப்பவர். அது பிடிவாதமா, கடமையா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். ஜப்பானியப் பெயர்கள் குழப்பினால் ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

ஜெயநகரிலிருந்து ஒரு வாசகி: பதினைந்து வயது மகளுக்கு எதைத் தரலாம்?

'தி மிராக்கிள்ஸ் ஆஃப் தி நமியா ஜெனரல் ஸ்டோர்'. அதில் கொலை கிடையாது. பூட்டிக் கிடக்கும் மளிகைக் கடையில் ஒளியும் மூன்று இளம் திருடர்களுக்குக் கடந்த காலத்திலிருந்து கடிதங்கள் வருகின்றன.

ஹெப்பாளிலிருந்து ஒரு வாசகர்: எந்த மர்ம நாவலானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவது என் பழக்கம். ஹிகாஷினோவிடம் அது பலிக்குமா?

சஸ்பெக்ட் எக்ஸில் பலிக்காது. விடை அதற்குச் சில பக்கங்கள் முன்னாலேயே முடிந்துவிடுகிறது; கடைசிப் பக்கத்தில் விடையின் வலி மட்டுமே இருக்கிறது. மாலிஸில் பலித்துவிடும், ஆகையால் அதை யாரிடமாவது கொடுத்து, கடைசி அத்தியாயத்தை ஊசியால் குத்தி மூடித் தரச் சொல்லுங்கள். மிட்நைட் சன் நாவலின் கடைசிப் பக்கத்தைத் தாராளமாக முதலில் படியுங்கள். ஒன்றும் புரியாது, புரிந்துகொள்ள ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் திரும்பி நடக்க வேண்டியிருக்கும்.