ஆக்சிஜனேற்றமடைந்த கொலஸ்ட்ராலுக்குத் தனிப் பரிசோதனை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 52. எல்.டி.எல். 148 என்று வந்திருக்கிறது. 'எல்.டி.எல். கெட்டதில்லை, அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால்தான் ஆபத்து' என்கிறார் நண்பர். அதற்கென்று தனிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? வைட்டமின் ஈ மாத்திரை போதுமா?

பதில்: நண்பர் சொல்வதில் பாதி சரி. கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள் ரத்தத்தில் ஓடும்போது பெரும்பாலும் ஆக்சிஜனேற்றமடைந்து கெடுவதில்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருட்கள் ரத்தத்திலேயே நிறைய உண்டு. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து அங்கேயே ஒட்டிக்கொண்டு தங்கும் துகள்தான் கெடுகிறது.

அப்புறம் நடப்பதுதான் விஷயம். சாதாரண எல்.டி.எல்.லை எடுத்துக்கொள்ளும் செல், தேவை தீர்ந்ததும், அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் மேக்ரோஃபேஜ் எனும் துப்புரவுச் செல்களில் உருமாறிய எல்.டி.எல்.லைப் பிடிக்கும் வேறு ஏற்பிகள் இருப்பதை 1979-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கோல்ட்ஸ்டீன், பிரவுன் குழுவினர் காட்டினார்கள். இவற்றுக்குப் 'போதும்' என்பதே கிடையாது. விழுங்கி விழுங்கி, கொழுப்புத் துளிகள் நிறைந்த நுரைச் செல்லாகிவிடுகிறது மேக்ரோஃபேஜ். அடைப்பு தொடங்குவது இப்படித்தான்.

சரி, சுவருக்குள் புகுந்தால்தானே துகள் கெடும்? எவ்வளவு புகும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது ரத்தத்தில் உள்ள துகள்களின் எண்ணிக்கை. நண்பர் விட்டுவிட்ட மறுபாதி இது. புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

வைட்டமின் ஈ ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்பதால், அந்த யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரிட்டனில் 20,000-க்கும் அதிகமானோரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்தாண்டு கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் வைட்டமின் அளவு ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. அதே ஆய்வில், எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தன. எனக்கு இந்த ஒப்பீடே போதும்.

தனிப் பரிசோதனை வேண்டாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை மாறும். முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. செலவழிப்பதென்றால் லைப்போபுரோட்டீன் 'ஏ' [Lp(a)] அளவை ஒருமுறை பாருங்கள். பரம்பரையாக வரும் இந்தத் துகள்தான் ஆக்சிஜனேற்றமடைந்த பாஸ்போலிப்பிடு எனும் கொழுப்புகளை அதிகம் சுமக்கிறது. அந்த முடிவு, ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது மாரடைப்பு வந்த விவரம் ஆகியவற்றோடு மருத்துவரைப் பாருங்கள். 148-க்கு ஸ்டாட்டின் வேண்டுமா என்பதை இவற்றை வைத்துத்தான் அவர் சொல்ல முடியும்.