கால இயந்திரம் தனுஷ்கோடிக்குப் போகுமா?

கே: ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் எழுதுகிறோம். கால இயந்திரத்தில் ஏறும் பையன் 1964 டிசம்பர் 22 இரவுக்குப் போய், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பி, புயலில் கடல் கொண்டுபோன அந்த ரயிலை நிறுத்தப் பார்க்கிறான். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?
- வாசகர், தங்கச்சிமடம்

ப: விசையைத் தள்ளினால் ஆண்டு மாறும் பெட்டி வேண்டாம். புழுத்துளையை வையுங்கள்: காலவெளியின் இரண்டு இடங்களைக் குறுக்கே இணைக்கும் சுரங்கம் போன்றது அது. இயற்பியலாளர் கிப் தோர்ன் உள்ளிட்ட மூவர் 1988-ல் கணக்குப் போட்டுக் காட்டிய வழி இது. கணக்கோடு சரி, யாரும் செய்ததில்லை.

துளைக்கு இரண்டு வாய். ஒன்று ஊரிலேயே இருக்கட்டும். மற்றதை ஒளியின் வேகத்தில் 86.6 சதவீதத்தில் ஓட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்த வேகத்தில் காலம் பாதியாக நகரும். ஊரில் 100 ஆண்டு கழிந்தால் ஓடிய வாய்க்கு 50 தான். (வேகம் பிடிக்கும், குறைக்கும் நேரத்தைத் தள்ளிவிட்டோம்.) திரும்பி வந்த வாய்க்குள் நுழைகிறவன், ஊர் வாயின் 50-ஆம் ஆண்டில் வெளியே வருவான்.

ஓட்டம் தொடங்கிய நாளுக்கு முன்னால் மட்டும் போகவே முடியாது. இன்று செய்த இயந்திரத்துக்கு 1964 எட்டாது. எனவே பாம்பன் பாலம் திறந்த 1914-லேயே, டிசம்பர் 22 அன்று, வாயை அனுப்பிவிடுங்கள். பையன் 2014 டிசம்பர் 22 அன்று நுழைந்தால் நாள் பிசகாது. இந்தக் கணக்குக்கே அடிப்படையான ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு, பொதுச் சார்பியல், 1915-ல்தான் வந்தது. 1914-ல் அதைச் செய்தவர் யார் என்பதை மர்மமாகவே விடுங்கள், நாடகத்துக்கு நல்லது.

ஊர் வாயைத் தனுஷ்கோடி மணலில் வைக்காதீர்கள். அன்றிரவு ஏறிய கடல் துளை வழியாக 2014-க்குள் கொட்டும். பாம்பன் ஸ்டேஷன் பக்கம் மேடான இடம் பாருங்கள்.

கோளாறுகளும் உண்டு. துளை தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். ஒரு மீட்டர் வாயைத் திறந்து வைக்கவே, ஏறத்தாழ வியாழன் கோளின் நிறைக்கு ஈடான எதிர்மறை ஆற்றல் (சுழியத்துக்கும் கீழான ஆற்றல்) தேவை. வெளியே போன கதிர் மறு வாய் வழியாக முன்கூட்டியே திரும்பி வந்து, தன்மேலேயே மறுபடி மறுபடி சேர்ந்து துளையைச் சிதைத்துவிடும் என்பது ஹாக்கிங் 1992-ல் முன்வைத்த ஊகத்தின் சாரம். மேடையில் இதைப் பயன்படுத்துங்கள்: வாய் சிவந்து கனல்கிறது, திரும்பி வர ஒரே தடவைதான் வாய்ப்பு.

ரயிலை அவன் நிறுத்தக் கூடாது. நடந்தது மாறாது என்பதே இவ்வகைத் துளைக்குப் பொருந்தும் விதி. டிக்கெட் இல்லாமல் ஏறிய, எந்தக் கணக்கிலும் வராத ஒருவரை இறக்கிவிடலாம். அதை எந்தப் பதிவும் மறுக்காது.

கே: பெட்டியே வைத்தால் என்ன குறை?
- வாசகர், மண்டபம்

ப: பூமி சூரியனைச் சுற்றும் வேகம் விநாடிக்குச் சுமார் 30 கி.மீ. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தூரம். ஒரு விநாடி பின்னால் போய் அதே இடத்தில் நின்றால், ஊர் அங்கே இருக்காது. அறுபது ஆண்டு என்றால் கேட்கவே வேண்டாம். துளையின் ஊர் வாய் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.