டிவியோடு இணைத்த கணினிக்குப் பொழுதுபோக்குச் செயலிகளை எங்கே தேடுவது?

டிவியில் எச்டிஎம்ஐ கேபிளை மாட்டி, சோபாவில் உட்கார்ந்தபடி படம், பாட்டு, செய்தி பார்க்க வைத்திருக்கும் கணினியைத்தான் மீடியா கணினி என்கிறோம். இதற்காகச் செயலிக் கடைகளை அலச வேண்டியதில்லை. ஸ்மார்ட் டிவியில் அதற்கென்று எழுதிய செயலிகள்தான் ஓடும். கணினியில் பிரவுசர் இருப்பதால் பெரும்பாலும் இணையதளமே போதும். மலேசிய அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் இணையதளம் ஆர்டிஎம் கிளிக்கைத் திறந்தால் டிவி2 அலைவரிசை, மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி இரண்டுமே இலவசம். குரோம் மெனுவில் தளத்தைச் செயலியாக நிறுவிக்கொள்ளலாம். திரையில் தனி ஐகான் வந்துவிடும். அப்புறம் எஃப்11 தட்டினால் முழுத்திரை. வயர் இல்லாத கீபோர்டு ஒன்று இருந்தால் பாட்டிகூட பழகிவிடுவார்.

கட்டணச் சேவைகள் நகலெடுப்பதைத் தடுக்கப் பூட்டு போடுவதால், சிலவற்றில் பிரவுசர் படம் மங்கலாகவே வரும். அவற்றுக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் சொந்தச் செயலி உண்டா என்று பாருங்கள். சுங்கை சிப்புட் பக்கம், ஃபைபர் வராத தோட்டத்து வீட்டில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் என்றால், 480பி படத்தரமே போதும், டேட்டா மிஞ்சும்.

கோடி (Kodi) என்ற மீடியா பிளேயர் மென்பொருளைப் போட்டால் புதுப்படமெல்லாம் இலவசம் என்று பலர் நம்புகிறார்கள். அது காலித் தூக்குச்சட்டி மாதிரி, உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருப்பதையும் நீங்களே சேர்க்கும் சேவைகளையும் மட்டும்தான் காட்டும்.