கட்டடக்கலைஞரின் பதில் வரும் வரை: வாசகர் கேள்வி – பதில்

கட்டுமானத் துறையிலிருந்து வரும் கடிதங்களில் பல, கட்டடக்கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்வதில் உள்ள மனக்குறையையே பேசுகின்றன. அவற்றில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் தளப் பொறியாளராக இருக்கிறேன். நாங்கள் கட்டிவரும் அலுவலகக் கட்டடத்தில் கட்டடக்கலைஞரின் வரைபடம் ஒன்று சொல்கிறது, மற்றவர்களின் வரைபடம் வேறொன்று சொல்கிறது. தளத்துக்குத் தளம் உயரம் 3300 மி.மீ., பீமின் ஆழம் 450 மி.மீ. ஃபால்ஸ் சீலிங் 2700 மி.மீ. உயரத்தில் வர வேண்டும் என்கிறார் கட்டடக்கலைஞர், ஏ.சி. குழாய் பொருத்துபவரோ அது முடியாது என்கிறார். சந்தேகம் கேட்டால் வாரக்கணக்கில் பதில் இல்லை. வேலையை நிறுத்தினால் உரிமையாளர் கடிந்துகொள்கிறார். நிறுத்தாமல் செய்தால் கட்டடக்கலைஞர் வந்து இடிக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆட்களைக் கூலிக்கு அழைத்துத் தளத்தில் நிறுத்திவிட்டு, வராத பதிலுக்காகக் காத்திருப்பது எவரையும் சோர்வடையச் செய்யும். ஆனால், கட்டடக்கலைஞர்களுக்கு அழகு மட்டுமே தெரியும், கட்டத் தெரியாது என்று நம் தொழிலில் பலரும் சொல்வதை நான் ஏற்பதில்லை. நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை அறிவுக் குறைவால் வந்தவையல்ல. ஒரு முடிவு தளத்துக்குத் தேவைப்படும் நாளும் அந்த முடிவு எடுக்கப்படும் நாளும் வெவ்வேறாக இருப்பதால் வந்தவை.

உங்கள் சீலிங் கணக்கையே பாருங்கள். 3300-இல் பீமின் ஆழம் 450-ஐயும், தரையின் அடிப்பூச்சுக்கும் டைல்ஸுக்கும் 75-ஐயும் கழித்தால், முடிந்த தரையிலிருந்து பீமின் அடிப்பக்கம் 2775 மி.மீ. உயரத்தில் இருக்கும். கட்டடக்கலைஞர் 2700 என்று எழுதியது இதைப் பார்த்துத்தான். அந்த அளவில் அவர் எழுதியது சரியே. பீமுக்குக் கீழே, காப்புறையோடு சேர்த்து 350 மி.மீ. உயரமுள்ள குழாய் குறுக்கே ஓடுவதாக வைத்துக்கொண்டால் 2425 மிஞ்சும். சீலிங்கின் சட்டத்துக்கும் பலகைக்கும் 75 போனால் 2350-தான். கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், ஏ.சி. குழாய் பொருத்துபவர் ஆகிய மூவரின் வரைபடங்களும் தனித்தனியே பிழையற்றவையாக இருந்தும், ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும்போது குழாய்க்கு வேண்டிய 350 மி.மீ. இடம் எங்கும் இல்லை. அப்படி வைத்துப் பார்ப்பது, வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கட்டடக்கலைஞரின் வேலை. அதை அவர் செய்யாமல் வரைபடத்தைத் தளத்துக்கு அனுப்பியது குறைதான், மழுப்ப வேண்டியதில்லை.

இந்தக் குறை எப்போது கண்டுபிடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் விலை அமைகிறது. பீமுக்குப் பலகை அடிப்பதற்கு முன்பு தெரிந்தால், குழாயை அகலமாக்கி உயரத்தைக் குறைக்கலாம், அதன் பாதையை மாற்றலாம், அல்லது கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலோடு பீமில் துளைக்கு இடம் விட்டுக் கம்பி கட்டலாம். கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்தால், சீலிங்கை இறக்குவதைத் தவிர எளிய வழி இராது. அதற்குத்தான் கட்டடக்கலைஞர் இசைய மாட்டார். ஆகவே ஒவ்வொரு மாடிக்கும் சென்ட்ரிங் வேலை (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அடிப்பு) தொடங்கும் முன்பே, எல்லாருடைய வரைபடங்களையும் நீங்களே ஒருமுறை பொருத்திப் பார்த்துவிடுங்கள். அது உங்கள் கடமை இல்லை என்று வாதிடலாம். இடிப்பு வேலை உங்கள் தலையில் விடியும்போது அந்த வாதம் உதவாது.

அடுத்து, கேள்வி கேட்கும் முறை. “சீலிங் உயரத்தைத் தெளிவுபடுத்தவும்” என்று அனுப்பினால், அதைப் படிப்பவர் நான்கு வரைபடங்களை விரித்துப் பார்த்த பிறகே சிக்கல் என்னவென்று புரிந்துகொள்ள முடியும். அவரும் அதை நாளைக்கு என்று ஒதுக்கிவிடுவார். வரைபட எண், திருத்த எண், எந்த அச்சுக்கோடுகளுக்கு நடுவே என்ற விவரம், மோதும் இரண்டு அளவுகள், ஒரு சிறு குறுக்குவெட்டுப் படம், உங்களுக்குச் சரியெனத் தோன்றும் தீர்வு, பதில் தேவைப்படும் தேதி, அந்தத் தேதி தவறினால் நிற்கப்போகும் வேலை ஆகிய அனைத்தும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ‘ஆம்’ என்று எழுதிக் கையொப்பமிடும் நிலையில் வரும் கேள்விக்குத்தான் விரைவாகப் பதில் கிடைக்கும். கேள்வியின் நகல் உரிமையாளருக்கும் போக வேண்டும். கட்டடக்கலைஞரைக் காட்டிக்கொடுப்பதற்காக அல்ல. காலதாமதத்துக்கு யார் காரணம் என்று பிறகு தேடும் நிலை வராமல் இருப்பதற்காக.

உரிமையாளரின் பங்கையும் சொல்லாமல் விடுவது முறையல்ல. வடிவமைப்பு முடியும் முன்பே பூமி பூஜை போட்டுவிட்டு அவசரப்படுத்தும் உரிமையாளர்கள் மிகப் பலர். சிட்னி ஓப்பரா ஹவுஸ் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. 1957-இல் வடிவமைப்புப் போட்டியில் வென்ற கட்டடக்கலைஞர் ஜோர்ன் உட்சனின் கூரை வடிவத்தை எப்படிக் கட்டுவது என்பது முடிவாகாத நிலையிலேயே, அரசின் அவசரத்தால் 1959-இல் வேலை தொடங்கியது. கூரையின் எடை தெளிவானபோது, அதற்கு முன்பே எழுப்பிய தூண்கள் தாங்காது என்பது தெரிந்து அவற்றை அகற்றி மீண்டும் கட்ட நேர்ந்தது. 1966-இல் உட்சன் விலகினார். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட கட்டடம் 10 கோடியே 20 லட்சம் டாலரில் முடிந்து 1973-இல்தான் திறக்கப்பட்டது. அந்தத் தூண்களைக் கட்டியவர்களின் உழைப்பு வீணானதற்குக் கட்டடக்கலைஞரை மட்டும் காரணமாகச் சொல்ல என்னால் முடியாது.

கேள்வி: படிக்கட்டுக்குக் கான்கிரீட் போட்டபோது வரைபடத்தில் உள்ளபடி எல்லாப் படிகளையும் 150 மி.மீ. உயரத்தில் அமைத்தோம். இப்போது முதல் படியும் கடைசிப் படியும் தவறு என்று கட்டடக்கலைஞர் சொல்கிறார். வரைபடப்படி செய்தது எங்கள் குற்றமா?

பதில்: அந்த 150 என்பது கல் பதித்து முடிந்த பிறகு இருக்க வேண்டிய அளவு. தரைக்கு 75 மி.மீ. கனமும் படிக்கு 40 மி.மீ. கனமும் ஏறப்போகிறது என்றால், கான்கிரீட்டில் முதல் படி 185 ஆகவும், இடையிலுள்ளவை 150 ஆகவும், கடைசிப் படி 115 ஆகவும் இருந்தால்தான் கல் பதித்த பின் எல்லாம் சமமாக வரும். நீங்கள் போட்டபடி விட்டால், கீழே முதல் படி 115, மேலே கடைசிப் படி 185 என்று முடியும். ஏறி இறங்குபவர் கால் இடறுவது உறுதி. கட்டடக்கலைஞர் சுட்டிக்காட்டியது சரி. முடிந்த மட்டமா, கான்கிரீட் மட்டமா என்பதை வரைபடத்தில் அவர் குறிப்பிடாதிருந்தால் அந்தக் குறையில் அவருக்கும் பங்குண்டு. திருத்தும் செலவைப் பற்றி அவரோடு பேச உங்களுக்கு இடமிருக்கிறது. குறிப்பு இருந்திருந்தால், பேச இடமில்லை.

கேள்வி: எங்கள் கட்டடக்கலைஞர் எதற்கும் பதில் சொல்வதில்லை. இரும்பு வேலையில் சில இணைப்புகளைத் தளத்துக்கு ஏற்றபடி நாங்களே மாற்றிவிடுகிறோம்; ஷாப் டிராயிங் (பாகங்களைச் செய்வதற்கு நாங்கள் வரையும் விரிவான வரைபடம்) அனுப்பினால் படித்தும் பார்க்காமல் முத்திரை குத்தித் திருப்புகிறார்கள். இரும்புப் பாகங்களைச் செய்து பொருத்தும் அனுபவமுள்ள ஃபேப்ரிகேட்டர்கள் செய்வதுதானே, இதில் தவறென்ன?

பதில்: தவறு மட்டுமல்ல, உயிருக்கு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹையாட் ரீஜென்சி விடுதியின் முகப்புக்கூடத்தில், இரண்டாம் தளத்து நடைபாதையும் நான்காம் தளத்து நடைபாதையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூரையிலிருந்து தொங்கின. முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளத் தண்டுகள் இரண்டையும் தாங்க வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டி நட்டுப் போடுவது கடினம் என்பதால், ஒரு தண்டுக்குப் பதில் இரண்டு தண்டுகள் என்று செய்முறை மாறியது: மேல் நடைபாதை கூரையிலிருந்தும், கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலிருந்தும் தொங்கின. பார்வைக்குச் சிறிய மாற்றம். ஆனால் அதனால் மேல் நடைபாதையின் பீமுக்கு அடியில் இருந்த நட்டின்மேல் சுமை இரு மடங்கானது. மாற்றம் காட்டிய ஷாப் டிராயிங்குக்கு ஒப்புதல் முத்திரை இருந்தது. அந்த இணைப்பை யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. 1981 ஜூலை 17 அன்று இரண்டு நடைபாதைகளும் சரிந்து 114 பேர் இறந்தனர். வடிவமைப்புக்குப் பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள்.

அந்த மாற்றத்தில் எவரும் தீங்கு நினைக்கவில்லை, எல்லாரும் அனுபவசாலிகள்தான். ஆகவே பதில் வராத எரிச்சலில் நீங்களே முடிவெடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சுமை தாங்கும் எந்த இணைப்பை மாற்றினாலும், மாற்றிய இடத்தை ஷாப் டிராயிங்கில் வட்டமிட்டு, “இது மாற்றம், கணக்கிட்டுச் சொல்லவும்” என்று எழுதிக் கட்டமைப்புப் பொறியாளருக்கு நேரடியாக அனுப்புங்கள். கட்டடக்கலைஞருக்கு நகல் போதும். வெறும் முத்திரை வந்தால் திருப்பி அனுப்பிக் கணக்கைக் கேளுங்கள். அது வரும்வரை அந்த ஓர் இணைப்பை விட்டுவிட்டு மற்ற வேலையைச் செய்யலாம்.

கேள்வி: தளத்துக்கு வரும்போதெல்லாம் கட்டடக்கலைஞர் வாய்மொழியாகவே மாற்றங்களைச் சொல்லிவிட்டுப் போகிறார். செய்துமுடித்துக் கூடுதல் பணம் கேட்டால், தமக்குத் தெரியாது என்கிறார் உரிமையாளர். யாரிடம் கேட்பது?

பதில்: ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். விலையை மாற்றும் அதிகாரம் கட்டடக்கலைஞருக்குப் பல ஒப்பந்தங்களில் கிடையாது. அப்படியானால் அவர் சொன்னது உங்களுக்கு யோசனை மட்டுமே, உத்தரவாகாது. அவர் வண்டி ஏறிய அன்று மாலையே, “இன்று தளத்தில் தாங்கள் கூறிய மாற்றம் இது, இதற்கு இவ்வளவு கூடுதல் செலவும் இத்தனை நாள்களும் ஆகும், உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் கிடைத்ததும் தொடங்குகிறோம்” என்று இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே செய்துவிட்ட மாற்றங்களுக்கு, தளக் குறிப்பேட்டில் தேதியோடு பதிவு இருக்கிறதா, பழைய வேலையின் புகைப்படம் இருக்கிறதா என்று பார்த்து, இருப்பவற்றை மட்டும் தனிப் பட்டியலாக்கி, இறுதிப் பில் வரை காத்திராமல் இந்த மாதப் பில்லோடு கொடுங்கள்.