கார் கேள்வி பதில்: 928 தோற்ற காரா?

கேள்வி: ஐயா, போர்ஷே 928 என்றாலே 'அந்தக் கம்பெனியின் புகழ்பெற்ற 911 காருக்குப் பதிலாக வந்து தோற்றுப்போன கார்' என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1970-களில் போர்ஷே தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் ஃபூர்மான், பின்னால் எஞ்சின் வைத்த 911-க்கு இனி அதிக காலம் இல்லை என்று நினைத்தார். அமெரிக்காவின் பாதுகாப்பு விதியும் புகை விதியும் இறுகிக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் முன்னால் வி8 எஞ்சின், நீர்க் குளிர்ச்சி என்று எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கி, 1977 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் 928-ஐ இறக்கினார்கள். ஆனால் 911-ஐ விரும்பியவர்கள் அதை விடவில்லை. அடுத்துத் தலைவராக வந்த பீட்டர் ஷுட்ஸும் 911 தொடரட்டும் என்றார். அவ்வளவுதான் நடந்தது. 1978-ல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது வாங்கி, 1995 வரை தயாரிப்பில் இருந்த காரை எப்படித் தோற்றது என்பது? அப்படிச் சொல்வதைக் கேட்டால் எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு வாடிக்கையாளர் தன் 928 எஸ் காரில், 4.7 லிட்டர், 300 குதிரைசக்தி, என்னை மியூனிக் வரை கூட்டிப்போனார். ஊல்முக்கு முன்னால் ஏ8 நெடுஞ்சாலை மலையேறும் இடத்தில் ஒரு லாரி திடீரென ஒதுங்கியது. வளைவில் இருந்தபடியே அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். பழைய பின்-எஞ்சின் கார் என்றால் வால் சுழலும். இது கோடு மாறாமல் போனது. 'வைஸாக் அச்சு' என்ற பின் சக்கர அமைப்பு செய்யும் வேலை அது: வேகம் குறையும்போது பின் சக்கரங்களின் முன்பக்கம் லேசாக உள்நோக்கித் திரும்பிக் காரை நிலைப்படுத்தும். கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் எடையும் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமம். எஞ்சினிலிருந்து அதற்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் தடிமன்தான்! கழற்றி முதல்முறை கையில் எடுத்தபோது நம்பவே முடியவில்லை.

இன்னொன்று. ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கினால் மீட்டர் பலகையும் கூடவே ஏறி இறங்கும். உயரமானவரும் குள்ளமானவரும் ஸ்டியரிங் மறைக்காமல் வேகத்தைப் பார்க்கலாம். ஓட்டுபவரை இவ்வளவு நினைத்துச் செய்த கார்கள் குறைவு.

கேள்வி: பின் இருக்கையில் பெரியவர்கள் உட்காரலாமா?

பதில்: குழந்தைகள் உட்காரலாம். பெரியவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை.

கேள்வி: பழைய 928 எஸ்4 விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும், ஐயா?

பதில்: முதலில் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை ஓடவைக்கும் வாட்டர் பம்பையும் அந்தப் பெல்ட்தான் சுழற்றுகிறது. பம்ப் இறுகி நின்றால் பெல்ட் போகும். எஸ்4-இன் 32 வால்வு எஞ்சினில் பெல்ட் போனால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். எங்களிடம் வந்த ஒரு எஸ்4-க்கு வேறொரு பட்டறையில் பெல்ட்டை மட்டும் மாற்றி, பழைய பம்பை அப்படியே விட்டிருந்தார்கள். எஞ்சினைத் திறந்தபோது பக்கத்தில் நின்ற உரிமையாளரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. ரசீதில் பெல்ட்டோடு பம்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா, சரி, அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். வாங்கிய கையோடு இரண்டையும் மாற்றிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.