வாசகர் கேள்வி–பதில்: பவுலிங் லீக் தொடங்க விரும்புவோருக்கு

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் டென்பின் பவுலிங் (பந்தை உருட்டி, ‘பின்’ எனப்படும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்) ஆடுவோர் பலர் இருந்தும் முறையான லீக் இல்லை. ஊதியமின்றி உழைக்க நான் ஆயத்தம். ஆனால் சுமாராகத்தான் ஆடுவேன். நான் இதற்குத் தகுதியானவனா?

பதில்: தகுதியானவர்தான். சிறந்த ஆட்டக்காரருக்குத் தம் ஆட்டத்தில்தான் கவனம் இருக்கும். லீக்கை நிலைநிறுத்துபவரோ, வாரந்தோறும் ஒவ்வொருவரின் புள்ளிகளையும் பதிந்து, சராசரியைக் கணக்கிட்டு, அடுத்த வார ஆட்ட அட்டவணையை உரிய நேரத்தில் எல்லோருக்கும் சேர்ப்பிக்கும் செயலாளர்தான். சென்ற பருவத்தின் சராசரிகள் பிழையின்றிப் பதிவாகியிருந்தால்தான் அடுத்த பருவத்தில் அணிகளை நியாயமாகப் பிரிக்க முடியும். எனவே முதல் கூட்டத்திலேயே விதிகளை எழுத்தில் வடித்து, வாக்கெடுப்பில் நிறைவேற்றிவிடுங்கள். இதில் சோம்பல் கூடாது. பந்து, பின், புள்ளிமுறை ஆகியவற்றில் இடத்துக்கு இடம் இருந்த வேறுபாடுகளைக் களைவதற்காகத்தான் 1895 செப்டம்பரில் நியூயார்க்கில் பல கழகங்களின் பிரதிநிதிகள் கூடி ‘அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸ்’ என்ற அமைப்பையே உருவாக்கினார்கள்.

பரிசுப் பணத்தைத் தனிவங்கிக் கணக்கில் வைத்து, இருவர் கையொப்பமிட்டால்தான் எடுக்க முடியும் என்று ஏற்பாடு செய்யுங்கள். நண்பர்களுக்குள் இது எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும், சுளிக்கட்டும்.

கேள்வி: திறமை குறைந்தவருக்கு ஹேண்டிகேப் என்று இலவசப் புள்ளி தருவது நியாயமா?

பதில்: ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அடிப்படை எண் 200, அதற்கும் ஒருவரின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 90 சதவீதம் ஹேண்டிகேப் என்று லீக் முடிவு செய்திருந்தால், 180 சராசரி உள்ளவர் ஆட்டத்துக்கு 18 புள்ளிகளும், 120 சராசரி உள்ளவர் 72 புள்ளிகளும் கூடுதலாகப் பெறுவார்கள். அப்போதும் நல்ல ஆட்டக்காரருக்கு 6 புள்ளி அனுகூலம் எஞ்சியிருக்கிறது. புதியவர்கள் தோற்றுத் தோற்று விலகிவிடாமல் காக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுவே. வேண்டுமென்றே மோசமாக ஆடிச் சராசரியைத் தாழ்த்திக்கொள்ளும் தந்திரக்காரர்களும் உண்டு; அவர்களைப் பிடிக்கவும் நீங்கள் எழுதி வைத்த பதிவேடுதான் உதவும்.

கேள்வி: யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டால் தரம் குறையாதா?

பதில்: மேற்சொன்ன அமெரிக்க அமைப்பின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது. விதிகளை ஒழுங்குபடுத்தியதில் அதன் பணி பெரிது. ஆனால் வெள்ளையருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற விதியை அது 1950 வரை கைவிடவில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை: பெண்கள் 1916இல் செயின்ட் லூயிஸ் நகரில் தங்களுக்கென ஒரு காங்கிரஸை அமைத்தார்கள், கறுப்பின ஆட்டக்காரர்கள் 1939இல் டெட்ராய்டில் தங்கள் தேசிய சங்கத்தைத் தொடங்கினார்கள். வாசலை அடைத்ததால் தரம் உயர்ந்ததாக நான் கருதவில்லை. ஓர் ஆட்டத்தின் ஆட்கள் பல அமைப்புகளாகப் பிரிந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் உறுப்பினர் விதியில் கட்டணமும் நன்னடத்தையும் தவிர வேறு நிபந்தனை வேண்டாம்.

கேள்வி: லேன்களை, அதாவது பந்து உருளும் ஓடுபாதைகளை, சோதிப்பதும் தன்னார்வலர் வேலையா?

பதில்: முறையான பயிற்சி பெற்றால் செய்யலாம். பந்தை விடும்போது தாண்டக்கூடாத கோட்டிலிருந்து முதல் ‘பின்’ வரை 60 அடி; பரப்பின் மேடுபள்ளம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கைத் தாண்டக்கூடாது. இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பதால், அளவுகருவியோடு வருடம் ஒருமுறை சோதித்து, முடிவை எழுதி அரங்க உரிமையாளரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.